ஏழு, மூன்று, இரண்டு

வைகை அணை நிரம்பினால் 71 அடி. கொள்ளளவு ஏறத்தாழ 6 டி.எம்.சி., அதாவது 600 கோடி கன அடி. ‘அணை நீர்மட்டம் 68 அடியைத் தாண்டியது’ என்று பத்திரிகையில் செய்தி வந்தால் மதுரைக்காரர்களுக்கு நிம்மதி. பரமக்குடிக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு அந்த எண் மட்டும் போதாது. அவர்கள் கேட்கும் கேள்வி வேறு: “நம்ம பங்கு எவ்வளவு சேந்திருக்கு?”

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே என் வேலைக்காலம் கழிந்தது. பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிறந்தது நயினார்கோவில் பக்கம் ஒரு கடைமடைக் கிராமம். வேலை பார்த்ததில் பெரும்பகுதி வைகையின் கீழ்ப்பகுதியில். கடைமடையில் பிறந்தவருக்கு ஒரு விஷயம் சின்ன வயதிலேயே புரிந்துவிடும். பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்குச் சோறு எவ்வளவு வடித்தார்கள் என்பது முக்கியமில்லை, பரிமாறுகிறவர் எப்படிப் பரிமாறுகிறார் என்பதுதான் முக்கியம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். மேட்டூர் அணையின் கொள்ளளவு 93 டி.எம்.சி.க்கு மேல். அதன் பக்கத்தில் வைத்தால் வைகை அணை மிகச் சிறியது. மதகைத் திறந்து வினாடிக்கு 1,000 கன அடி விட்டால், ஒரு நாளில் 8.64 கோடி கன அடி வெளியேறும். வரத்தே இல்லை என்று வைத்துக்கொண்டால், நிரம்பிய அணை 70 நாளில் தரை தட்டிவிடும். மதுரையின் குடிநீரும் ஆண்டிபட்டி, சேடபட்டிக் கூட்டுக் குடிநீரும் இதற்குள்தான் அடக்கம். உசிலம்பட்டிப் பக்கத்து 58 கிராமங்களுக்கான கால்வாயில் தண்ணீர் ஏற வேண்டுமென்றால் நீர்மட்டம் 67 அடியைத் தொட வேண்டும். அணை நிரம்பிய ஆண்டிலும் எல்லோருக்கும் போதும் என்று சொல்ல முடியாத ஆறு இது.

ஏன் இப்படி? வருசநாட்டு மலையில் பிறந்து தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வழியாக 258 கிலோமீட்டர் ஓடுகிறது வைகை. அதன் படுகை சுமார் 7,000 சதுர கிலோமீட்டர். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பக்கமே இறக்கி வைத்துவிடுகிறது. இந்தப் பக்கம் வருவது மிச்சம் மீதி. ராமநாதபுரம் சீமைக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் உயிர். அது பொய்த்தால் அந்த ஆண்டே பொய்த்த மாதிரி.

மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் பெரியாற்றை இந்தப் பக்கம் திருப்பலாம் என்று முதலில் யோசித்தது ராமநாதபுரம்தான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சேதுபதியின் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை மலைக்கு ஆள் அனுப்பி இடம் பார்க்கச் சொன்னார். செலவு கட்டுப்படியாகாது என்று அப்போது கைவிடப்பட்டது. நூறு ஆண்டு கழித்து, 1886-ல் திருவிதாங்கூரோடு ஒப்பந்தமாகி, பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-ல் முடிந்தது. மலையைக் குடைந்து கொண்டுவந்த தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வைகையில் சேர்ந்தது. கம்பத்தில் இருபோகம் விளைந்தது. மதுரை, மேலூர்ப் பக்கம் பச்சை பிடித்தது. ஆனால் யோசனையைத் தொடங்கிவைத்த ராமநாதபுரம் பெரியாற்றுப் பாசனக் கணக்குக்குள் வரவில்லை. அதற்கு வைகையின் சொந்த வரத்தில்தான் பங்கு. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதைச் சொல்லும்போது குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருக்கும். எனக்கும் அந்த வருத்தம் உண்டு.

1959-ல் காமராசர் ஆட்சியில் வைகை அணை வந்தபோது இரண்டு ஆற்றுத் தண்ணீரும் ஒரே இடத்தில் தேங்கின. தண்ணீர் கலந்துவிட்டாலும் கணக்கு கலக்கவில்லை. பெரியாற்றுப் பங்கு தனி, வைகைப் பங்கு தனி. வைகைப் பங்கில் பூர்வீகப் பாசனத்துக்கு உள்ளதை ராமநாதபுரத்துக்கு ஏழு, சிவகங்கைக்கு மூன்று, மதுரைக்கு இரண்டு என்ற விகிதத்தில் பிரிப்பார்கள். வைகை அணைக்குக் கீழே உள்ள பேரணையிலிருந்து விரகனூர் மதகு அணை வரை முதல் பகுதி, அங்கிருந்து பார்த்திபனூர் மதகு அணை வரை இரண்டாவது, பார்த்திபனூரிலிருந்து ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை மூன்றாவது. அணைக்குக் கீழே ஆறு மூன்று வீடாகப் பிரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த விகிதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். காரணம், அது தண்ணீரின் அளவைச் சொல்லவில்லை, பங்கைச் சொல்கிறது. ‘ராமநாதபுரத்துக்கு இத்தனை கோடி கன அடி’ என்று எழுதி வைத்திருந்தால் மழையில்லாத முதல் ஆண்டே அந்தக் காகிதம் பயனற்றுப் போயிருக்கும். ஏழு, மூன்று, இரண்டு என்பது வெள்ள ஆண்டிலும் செல்லும், வறட்சி ஆண்டிலும் செல்லும். மிகுதியை மட்டுமல்ல, பற்றாக்குறையையும் அதே விகிதத்தில் பங்கு போடுகிறது. பஞ்சம் வந்த பிறகு உட்கார்ந்து பேசினால் வாய்வலுத்தவர் ஜெயிப்பார். பஞ்சத்துக்கு முன்பே பேசி முடித்த விகிதம் என்பதால்தான் கடைமடைக்கு ஏதாவது வந்து சேர்கிறது.

திறக்கும் வரிசையிலும் ஒரு அறிவு இருக்கிறது. பல ஆண்டுகளில் மூன்றாம் பகுதிக்குத்தான் முதலில் திறப்பார்கள். பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. அருகில் இருப்பவருக்கு முதலில் கொடுத்தால் தூரத்தில் இருப்பவரின் பங்கு வழியிலேயே கரைந்துவிடும். கரைகிறது என்பதை வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த ஆற்று மணலில் தண்ணீர் விட்டால் முதலில் மணல் குடிக்கும். வினாடிக்கு 300, 400 கன அடி என்று சொட்டுச் சொட்டாக விட்டால் அது மானாமதுரையைத் தாண்டுவதே சந்தேகம். அதே அளவுத் தண்ணீரைக் குறைந்த நாளில் வேகமாக விட்டால் பார்த்திபனூர் ஷட்டரைத் தொடும். ஐப்பசி மழையில் மணல் ஏற்கெனவே நனைந்திருக்கும்போது விட்டால் இன்னும் நல்லது. திறப்பு நாள்களில் ராத்திரி நேரத்தில் ஆற்றோரமாக நிற்கும் பாசனப் பணியாளர்களான லஸ்கர்களுக்குப் போன் போட்டு, “தண்ணி எங்க வந்திருக்கு?” என்று கேட்டுக்கொண்டே இருப்போம். திருப்புவனம் தாண்டிருச்சு என்பார் ஒருவர். அடுத்தவர் சொல்லும் வரை தூக்கம் வராது. மணல் அள்ளிய பள்ளங்கள் நடுவில் இருந்தால் ஒவ்வொரு பள்ளமும் நிரம்பிய பிறகுதான் தண்ணீர் அடுத்த அடி எடுத்து வைக்கும். மணலில் இறங்குவதெல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன். கரையோரக் கிணறுகள் அதில்தான் ஊறுகின்றன. இதே கரையில் கீழடியில் தோண்டியபோது சுடுமண் உறைகிணறுகள் கிடைத்தன. ஆறு வற்றினாலும் அதன் அடியில் தண்ணீர் இருக்கும் என்பது இங்கே மிகப் பழைய அறிவு.

பார்த்திபனூர் வரை கணக்கு இருக்கிறது, ஆவணம் இருக்கிறது, அதிகாரி இருக்கிறார். அதற்குக் கீழே கால்வாய்க்குள் இறங்கியதும் கதை மாறுகிறது. இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று தோன்றியதே அதனால்தான்.

ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் கண்மாய்கள் தனித்தனியாக இல்லை. நிலம் தென்கிழக்கே மெல்லச் சரிகிறது. மேல் கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கு வரத்தாகும். அது நிரம்பினால் அதற்கும் கீழே. கலுங்கின் உயரம்தான் இரண்டு ஊருக்கும் இடையிலான ஒப்பந்தம். மேல் ஊர்க்காரர் ராத்திரியோடு ராத்திரியாகக் கலுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கி ஒரு அடி உயர்த்திவிட்டால் கீழூருக்கு வரத்து நின்றுபோகும். பழைய கலுங்குகளின் மேல் வரிசையாகக் கற்களை நட்டிருப்பார்கள். பருவமழை ஓயும் நேரத்தில், இனி உடைப்புக்குப் பயமில்லை என்று தெரிந்த பிறகு, அந்தக் கற்களுக்கு இடையே பலகையோ புல்மண்ணோ வைத்துக் கொஞ்சம் கூடுதலாகத் தேக்குவார்கள். எந்த நாளில் வைக்கலாம், யார் வைக்கலாம் என்பதில்தான் ஊர்ச்சண்டைகளில் பாதி. கலுங்குத் தகராறுக்குச் சமாதானம் பேசப் போய், இரண்டு தரப்பும் என் மேலேயே பாய்ந்த நாள்களும் உண்டு.

கண்மாய்க்குள் தண்ணீரை ஆண்டவர் நீர்பாய்ச்சி. மடை திறப்பது, அடைப்பது, வாய்க்காலில் யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பல ஊர்களில் கண்மாய் முழுதாக நிரம்பிய ஆண்டில் அவருக்குப் பெரிய வேலை இருக்காது. தண்ணீர் குறைந்த ஆண்டில்தான் ஊர் அவரைத் தேடும். அறுவடையில் ஒவ்வொரு வயலிலிருந்தும் அவருக்குச் சுதந்திரமாக, அதாவது வேலைக்கான பங்காக, நெற்கட்டு போகும்.

எங்கள் ஊர் நீர்பாய்ச்சியோடு மடைமேல் உட்கார்ந்து நிறையப் பேசியிருக்கிறேன். மடையின் உட்பக்கம் கல் படிகள் இருக்கும். அந்தப் படிகள்தான் அவருக்கு அளவுகோல். ஒரு கார்த்திகைக் கடைசியில் கேட்டேன்.

“எத்தனை தண்ணி வரும் ஐயா?”

“ஆறு படி நிக்கிது தாயி. ஆறு படின்னா ஆறு தண்ணின்னு நெனச்சிராத. மேல் படியில கண்மாய் அகலம், தண்ணி நெறைய. கீழ எறங்க எறங்கச் சுருங்கிரும். முழுக்கப் பாய்ச்சினா மூணு தண்ணி. கடைசிப் படி மாட்டுக்கும் மீனுக்கும்.”

“பயிருக்கு?”

“கதிர் வாங்குறப்ப ஒண்ணு, பால் பிடிக்கிறப்ப ஒண்ணு, அதுக்குப் பெறகு ரெண்டு. நாலு வேணும். இருக்கறது மூணு. இன்னிக்கே கூட்டத்தப் போடச் சொல்லு. பொங்கலுக்குப் பெறகு போட்டா அடிதடிதான்.”

எங்கள் பக்கம் ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைப்பார்கள். மழையில் முளைத்து வளரும் நெல்லுக்குக் கடைசி மூன்று, நான்கு தண்ணீர் கண்மாயிலிருந்து கிடைத்தாக வேண்டும். அதில் ஒரு தண்ணீர் குறைந்தால் பயிர் சாவியாகப் போய்விடும். வைக்கோல் மிஞ்சும், மணி இருக்காது. எல்லோருக்கும் முக்கால் தண்ணீர் கொடுத்து எல்லோரையும் சாவியாக்குவதைவிட, ஆயக்கட்டில் ஒரு பகுதியைக் கைவிட்டு மீதியைத் தேற்றுவது நல்லது. ஆனால் யார் வயலைக் கைவிடுவது?

இலங்கையின் வறண்ட வலயத்துக் குளங்களில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பெத்ம என்பார்கள். தண்ணீர் போதாத பருவத்தில் குளத்துக்குப் பக்கத்து வயல்களை மட்டும் பயிர் செய்வது, அந்த வயல்களைத் தற்காலிகமாக எல்லாக் குடும்பங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது. உடைமை மாறாது, அந்தப் பருவத்துக்கு மட்டும் உழைப்பும் விளைச்சலும் பொதுவாகும். மடைக்கு அருகில் நிலம் வைத்திருப்பவர் தன் நிலத்தில் பிறர் ஏர் பூட்ட விட வேண்டும். எளிதான காரியம் அல்ல. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது. எங்கள் பக்கம் அந்த அளவுக்குப் போகவில்லை. மணிக்கணக்கில் முறை வைத்துப் பாய்ச்சுவதோடு நிற்கிறோம்.

பழசையெல்லாம் பொன்னாகச் சொல்ல எனக்கு மனம் இல்லை. நீர்பாய்ச்சிகளில் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர், நிலமற்றவர்கள். நிலம் இல்லாததால் பாரபட்சம் பார்க்க மாட்டார் என்ற நம்பிக்கையில் ஊர் அந்தப் பொறுப்பைக் கொடுத்தது. அதே ஊர் அவரைக் கூட்டத்தில் சரிசமமாக உட்கார வைக்கவில்லை. ஊரே கூடிக் கண்மாயைப் பழுதுபார்க்கும் குடிமராமத்து என்ற பெயரில் யார் முதுகில் அதிக மண் ஏறியது என்பதும் ஊருக்குத் தெரியும். அவர் பிள்ளைகள் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. எனக்கு வேண்டியது அந்த வேலை திரும்ப வர வேண்டும் என்பதுதான். மாதச் சம்பளத்தோடு, மரியாதையோடு, எந்தச் சாதிக்கும் உரியதாக இல்லாமல், ஊராட்சி நியமிக்கும் வேலையாக வர வேண்டும்.

அவர் இல்லாத இடத்தை மோட்டார் பிடித்துக்கொண்டது. வசதி உள்ளவர் கண்மாய்க்குள்ளேயே ஆயில் இன்ஜினை இறக்கி நேராகத் தன் வயலுக்கு உறிஞ்சுகிறார். மீன்பாசி ஏலம் எடுத்தவருக்குத் தண்ணீர் சீக்கிரம் வற்றினால் லாபம், விவசாயிக்கு நின்றால் லாபம். கண்மாயின் உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். அதை அகற்றச் சொல்லி 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது, ஊர்கூடி வெட்டினார்கள். வேரோடு எடுக்காத இடங்களில் மறுபடி தழைத்துவிட்டது. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு வேறு வேலை காட்டாமல் அது முழுதாகப் போகாது.

2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்த ஏப்ரலில் வைகை அணையில் ஆவியாவதைத் தடுக்கத் தெர்மாகோல் மிதக்கவிட்டதைப் பார்த்து நாடே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்த வழி பலிக்காது. ஆனால் அது கேட்ட கேள்வி சரியானது. எங்கள் வெயிலில் ஒரு நீர்ப்பரப்பு ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆவியாக இழக்கிறது. இரண்டு ஆள் ஆழம்கூட இல்லாத கண்மாய்க்கு அது பெரிய இழப்பு. பத்து ஏக்கரில் முழங்கால் அளவு பரந்து நிற்பதைவிட, நான்கு ஏக்கரில் ஆழமாக நின்றால் குறைவாகத்தான் ஆவியாகும். அதனால்தான் தூர்வாரும்போது உள்வாய் முழுக்க மேலாகச் சுரண்ட வேண்டாம், ஓரிடத்தில் ஆழப்படுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

குடிநீர் இன்னொரு பாடு. எங்கள் மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. போர் போட்டால் உப்புத்தான் வரும். அதனால்தான் ஊருக்கு ஒரு ஊருணி. அதில் கால் நனைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது, குடம் மட்டும். கலங்கல் தண்ணீரைத் தேற்றாங்கொட்டை உரசித் தெளிய வைப்பார்கள். கோடையில் ஊருணி வற்றினால் பெண்கள் அதன் நடுவில் ஊற்றுத் தோண்டி, ஊறி வருவதைச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்புவார்கள். ஒரு குடத்துக்குப் பொழுது பாதி போகும். என் அம்மா நிரப்பியிருக்கிறார். 2009-ல் காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தபோது அந்தப் பாடு குறைந்தது. அதற்கு நான் என்றும் நன்றி சொல்வேன். ஆனால் குழாய் வந்ததும் ஊருணியைக் குப்பைமேடாக்கியதை ஏற்க முடியவில்லை. குழாயில் வருவதும் பற்றாக்குறை உள்ள இன்னொரு ஆற்றின் தண்ணீர். அங்கே குறைந்தால் இங்கே குழாயும் நிற்கும். குழாய் இருக்கட்டும், ஊருணியும் இருக்கட்டும்.

அரசு சும்மா இருந்ததாகவும் சொல்ல முடியாது. பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்க 2000-ல் சட்டம் வந்தது. ஏரி, கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் சட்டம் வந்தது. 2017-ல் குடிமராமத்து என்ற பெயரிலேயே முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் வேலைகள் தொடங்கின. கரை உயர்ந்தது, மடை புதிதாயிற்று. பங்கீட்டு விதி மட்டும் திரும்பி வரவில்லை. சிமென்டுக்கு மதிப்பீடு போடலாம், விதிக்கு மதிப்பீடு போட முடியாதே!

வைகை அணையில் வெள்ளத்துக்கு மூன்று எச்சரிக்கை உண்டு. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் யாருக்குத் தகவல் போக வேண்டும், யார் எங்கே நிற்க வேண்டும் என்று எல்லாம் முடிவாகியிருக்கிறது. அதனால் வெள்ளத்தில் தடுமாற்றம் இல்லை. தண்ணீர் குறைவதற்கு இப்படி ஓர் எச்சரிக்கை நான் பார்த்த எந்தக் கண்மாயிலும் இல்லை. ஆனால் வைகைப் படுகைக்கு வெள்ளம் எப்போதாவது வருகிற விருந்தாளி, பற்றாக்குறைதான் வீட்டு ஆள்.

ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊரிலும், அதே தொடரில் மேலும் கீழும் உள்ள ஊர்களிலும் இதைத்தான் பேசி வருகிறேன். மடைப்படியில் மூன்று வண்ணக்கோடு போடுவோம். தண்ணீர் வெள்ளைக்கோட்டுக்கு இறங்கினால் கண்மாய்க்குள் இருக்கும் இன்ஜின்கள் எல்லாம் வெளியே. மஞ்சளுக்கு இறங்கினால் ஏக்கருக்கு இத்தனை மணி நேரம் என்று முறை. சிவப்புக்கு வந்தால் மடை மூடப்படும், மிச்சம் ஆடுமாட்டுக்கு. ஆவணித் தொடக்கத்தில், விதைப்புக்கு முன்பே, அணையில் வைகைப் பங்கு எவ்வளவு என்று ஊராட்சிப் பலகையில் எழுத வேண்டும். அதைப் பார்த்து நெல்லைக் குறைத்து முண்டு மிளகாயைக் கூட்டுவதா என்று அவரவர் முடிவெடுக்கலாம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த மிளகாய் கொஞ்சத் தண்ணீரில் நல்ல காசு கொடுக்கும்.

எங்கள் ஊர்க் கண்மாயில் கோடு போட்டாயிற்று. பெயின்ட் செலவு பெரிதில்லை, எந்தப் படியில் மஞ்சள் என்பதில்தான் பல ராத்திரி வாக்குவாதம். மடைக்குப் பக்கத்தில் நிலம் உள்ளவர்கள் கீழே போடச் சொன்னார்கள், கடைசி வயல்காரர்கள் மேலே போடச் சொன்னார்கள். நான்காம் படியில் நின்றது. கீழே உள்ள ஊர் ஒத்துக்கொண்டுவிட்டது. மேலே உள்ள ஊர் இன்னும் இல்லை. கலுங்கில் மூட்டை அடுக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுக்க அவர்கள் தயார், ஆனால் அரித்துப்போன கலுங்கைச் சரிசெய்யும் செலவில் கீழூர்கள் பாதி தர வேண்டும் என்கிறார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. எங்கள் ஊரில் பாதிப்பேர் ஒத்துக்கொள்ளவில்லை. தை அறுவடை முடிந்து கையில் காசு புரளும்போது மறுபடி கூட்டம் போடுவதாக முடிவு.